வாணலியில் வறுத்த டேப், வெள்ளைக் காகித ஸ்பீக்கர்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளில் ஒன்று என்னை ரெண்டு வாரம் சும்மா இருக்க விடவில்லை. கேட்டவர் புதிதாக ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கியிருக்கிறார். அவர் தேடும் பழைய ஜாஸ் எல்பி இரண்டு பதிப்பாகக் கிடைக்கிறதாம். ஒன்று அமெரிக்காவில் அச்சானது. இன்னொன்று ஜப்பானில் அச்சானது. அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும். அந்தப் பட்டை கிழியாமல் இருப்பதால் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "அந்தப் பேப்பருக்கும் சவுண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா, இல்ல என் தலையில மிளகாய் அரைக்கிறாங்களா?" இதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிடறேன். சம்பந்தம் இல்லை. அந்தப் பட்டைக்குப் பெயர் ஓபி. கிமோனோ உடுத்தும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுகிற துணிக்கும் அதே பெயர்தான். ஜப்பானில் புத்தகங்களுக்கு இப்படிப் பட்டை சுற்றும் வழக்கம் உண்டு, அது இசைத்தட்டுக்கும் வந்தது. வெளிநாட்டு ஆல்பத்தின் அட்டைப் படத்தில் கை வைக்காமல், பெயர், விலை, விளம்பர வாசகம் எல்லாவற்றையும் ஜப்பானிய மொழியில் தனியாக அச்சடித்து மேலே சுற்றிவிடலாம். வாங்கியவர்களில் பலர் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அதனால் மிச்சமிருப்பதற்கு இன்று கிராக்கி. அவ்வளவுதான்.

ஆனால் இதைத் தேடப் போன இடத்தில் வேறு ஒன்று சிக்கியது. ஜப்பானில் காகிதம் நிஜமாகவே ஒலிக்குள் நுழைந்த இரண்டு இடங்கள். ஒன்று டேப், இன்னொன்று ஸ்பீக்கர். இரண்டிலும் அந்தக் காகிதம் பாட்டை 'இனிமையாக' ஆக்கவில்லை. முதலாவதில் கெடுத்தது. இரண்டாவதில், ஏற்கனவே கெட்டுப்போயிருந்ததைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் நாம் இன்று கேட்கிற ரெக்கார்டிங்கின் தரத்தில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

அதற்கு முன்னால் ஒரு வாக்குமூலம். இந்த எபிசோடுக்கு நான் முதலில் எழுதின ஸ்கிரிப்ட் வேறு. அதில் 'வாஷி' பற்றி நாலு பக்கம் இருந்தது. வாஷி என்றால் ஜப்பானியக் கைவினைக் காகிதம். கோசோ என்கிற காகித மல்பெரிச் செடியின் உள்பட்டையிலிருந்து எடுக்கும் நார். மர நாரைவிடப் பல மடங்கு நீளமானது, அதனால் காகிதம் மெல்லியதாக இருந்தாலும் சுலபத்தில் கிழியாது. இந்தக் கலையை 2014-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வீட்டின் நகரும் கதவுகளில்கூடக் கண்ணாடிக்குப் பதில் காகிதம் ஒட்டிய ஊர் அது. "இவ்வளவு பெரிய காகிதக் கலாச்சாரம் இருந்ததால்தான் ஜப்பான் ஸ்பீக்கர் இவ்வளவு நன்றாக இருக்கிறது" என்று ஒரே கோடாக இழுத்து முடித்திருந்தேன். கேட்கவே அழகாக இருக்கும். ஆனால் உண்மை இல்லை. நான் சொல்லப் போகிற டேப்பில் இருந்தது மெஷினில் செய்த காகிதம். ஸ்பீக்கரில் இருந்தது மரக்கூழ். இரண்டிலும் வாஷி கிடையாது. அந்த நாலு பக்கத்தைத் தூக்கிப் போட்டேன். கொஞ்சம் வலித்தது.

சரி, டேப்புக்கு வருவோம்.

1949. போர் முடிந்து நான்கு வருடம். டோக்கியோவில் ஒரு சின்ன கம்பெனி, பெயர் டோக்கியோ சூஷின் கோக்யோ. மசாரு இபுகா, அகியோ மொரிட்டா என்ற இரண்டு பேர் 1946-ல் ஆரம்பித்தது. பின்னாளில் அது சோனி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஜப்பானிய வானொலி நிலையமான என்ஹெச்கே-யில் அப்போது அமெரிக்க ராணுவத்தினர் இருந்தார்கள். அங்கே ஒருநாள் இபுகா ஒரு அமெரிக்க டேப் ரெக்கார்டரைப் பார்த்துவிட்டார். இனி நாம் செய்ய வேண்டியது இதுதான் என்று முடிவாயிற்று.

மெஷினைச் செய்துவிடலாம். மோட்டார், வால்வு, சர்க்யூட் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த வேலை. டேப்புக்கு எங்கே போவது? டேப் என்பது என்ன? ஒரு நீளமான நாடா, அதன் மேல் காந்தத் தூள் பூச்சு. நாடாவுக்குப் பிளாஸ்டிக் வேண்டும். அப்போதைய ஜப்பானில் அது கிடைக்காது, இறக்குமதி செய்யவும் வழியில்லை. செலோஃபேனை வெட்டிப் பார்த்தார்கள். மெஷினில் ஓட ஓட அது இழுபட்டு நீண்டது. நாடா நீண்டால் அதில் பதிவான குரலும் சேர்ந்து இழுபடும். கடைசியில் கையில் மிஞ்சியது காகிதம்.

இந்தக் கட்டத்தை மொரிட்டா தன் 'மேட் இன் ஜப்பான்' புத்தகத்தில் விவரமாகச் சொல்கிறார். நோபுடோஷி கிஹாரா என்று ஒரு இளம் இன்ஜினியர், வயது இருபது சொச்சம். காந்தத் தூளுக்கு என்ன செய்யலாம் என்று தேடி, ஃபெரஸ் ஆக்சலேட் என்ற ரசாயனத்தைச் சூடாக்கினால் ஃபெரிக் ஆக்சைடு கிடைக்கும் என்று கண்டுபிடிக்கிறார். சூடாக்குவதற்கு மின் உலை இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வாணலியில் போட்டு வறுத்தார்கள். நிஜமாகவே சமையல் வாணலி, கிளற மரக் கரண்டி. தூள் பழுப்பு நிறத்துக்கு வரும்போது இறக்கிவிட வேண்டும். விட்டால் கருகிக் கறுப்பாகிவிடும், அது வேறு சேர்மம், வேலைக்கு ஆகாது. ரவை வறுக்கிற பதம் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

அந்தத் தூளை அரக்கு மாதிரியான ஜப்பானிய லாக்கரில் கலந்து, நீளமாக வெட்டின காகிதத்தில் பூச வேண்டும். ஸ்பிரே அடித்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகு பிரஷ். சாதாரண பிரஷ் கோடு போடும். அதனால் ரக்கூன் நாயின் வயிற்று மயிரில் செய்த மிக மென்மையான பிரஷ்ஷை எடுத்து, தரையில் காகிதத்தை நீளமாக விரித்துக் கையாலேயே பூசினார்கள். கால் அங்குல அகலத்துக்குப் பிளேடால் வெட்டினதும் கையால்தான். ஆரம்பத்தில் வந்த டேப் படுமோசம் என்று மொரிட்டாவே ஒத்துக்கொள்கிறார். பிறகு ஹோன்ஷூ என்ற காகித கம்பெனி கொடுத்த வழுவழுப்பான, உறுதியான காகிதத்தில்தான் நிலைமை கொஞ்சம் தேறியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காகித டேப் ஜப்பானின் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஃப்லாய்மர் 1928-லேயே காகிதத்தில் இரும்புத் தூள் ஒட்டிப் பார்த்துவிட்டார். சிகரெட்டின் நுனியில் பளபளப்பான பட்டை ஒட்டும் தொழில் அவருக்கு அத்துப்படி. அமெரிக்காவிலும் 1940-களின் இறுதியில் வீட்டுக்கு வந்த முதல் டேப் ரெக்கார்டர்கள் காகித டேப்பில்தான் ஓடின. அதில் பிரபலமான ஒரு மெஷினின் பெயர் 'சவுண்ட்மிரர்'. ஒலிக் கண்ணாடி! அந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

காகிதம் ஏன் ஒலியைக் கெடுக்கும்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏன்னா இதுதான் விஷயத்தின் மையம்.

டேப் ரெக்கார்டரில் 'ஹெட்' என்று ஒரு சின்ன பாகம் இருக்கும். டேப் அதை உரசிக்கொண்டே ஓடும். டேப்பில் பதிவாகியிருக்கும் காந்த அலையை ஹெட் படித்து மின்சாரமாக மாற்றும். ஒரு கணக்குப் போடுவோம். டேப் ஒரு நொடிக்கு 19 செ.மீ. ஓடுகிறது என்று வையுங்கள், அந்தக் காலத்தில் சகஜமான வேகம்தான். அதில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிவு செய்தால், ஒரு நொடியில் பத்தாயிரம் அலைகள் அந்த 19 செ.மீ. நீளத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு அலைக்குக் கிடைக்கிற இடம் 0.019 மி.மீ., அதாவது 19 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை.

இவ்வளவு பொடி அலையை ஹெட் படிக்க வேண்டுமானால் டேப் அதை ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் வெறும் 2 மைக்ரான் இடைவெளி வந்தால் போதும், அந்த ஒலியின் அளவு சுமார் 6 டெசிபெல் இறங்கிவிடும். அதாவது சிக்னல் பாதியாகிவிடும். அதே 2 மைக்ரான் இடைவெளி 100 ஹெர்ட்ஸ் மேள ஒலியை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அதன் அலை நீளம் கிட்டத்தட்ட 2 மி.மீ. இப்போது காகிதத்தை யோசித்துப் பாருங்கள். எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் அது நார்களின் பின்னல். கிட்டே போய்ப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். அந்த மேடுபள்ளம் மேலே பூசின காந்தப் பூச்சிலும் தெரியும். பள்ளம் வரும்போதெல்லாம் ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவே இடைவெளி. மேள ஒலி வந்துவிடும், ஜால்ரா காணாமல் போகும். மனிதக் குரலில் 'அ', 'ஓ' எல்லாம் கேட்கும், 'ஸ', 'ச' எல்லாம் மழுங்கும். அதோடு அந்த மேடுபள்ளம் ஒரே சீராக இல்லாததால், பாட்டின் கூடவே ஒரு சொரசொரப்புச் சத்தமும் ஓடிக்கொண்டிருக்கும்.

(காகிதத்தை மைக்கின் மேல் தேய்க்கும் சத்தம்)

கிட்டத்தட்ட இந்த மாதிரி. கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கிறேன், மன்னிச்சிடுங்க.

1950-ல் மெஷின் விற்பனைக்கு வந்தது. ஜி-டைப் என்று பெயர். விலை சுமார் 1,60,000 யென். அப்போது ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு ஒரு வருடத்துக்கும் மேலான சம்பளம். யார் வாங்குவார்கள்? முதல் பெரிய வாடிக்கையாளர் யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும்: ஜப்பானின் உச்ச நீதிமன்றம். போருக்குப் பிறகு நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளர்களுக்குப் பஞ்சம். சாட்சி சொல்வதைப் பதிவு செய்யச் சுமார் 20 மெஷின்களை வாங்கிப் போட்டார்கள். பேச்சுக்கு அந்தக் காகித டேப் தாராளமாகப் போதும். சாட்சி சொன்னது புரிந்தால் சரி. யாரும் அங்கே ஜால்ராவைத் தேடப் போவதில்லை. அடுத்து பள்ளிக்கூடங்கள் வாங்கின.

அங்கேயே நின்றிருந்தால் சோனி இன்று நீதிமன்றத்துக்கு மெஷின் செய்கிற ஒரு சின்ன கம்பெனியாக இருந்திருக்கும். அப்போதுதான் நோரியோ ஓகா உள்ளே வருகிறார்.

ஓகா அப்போது டோக்கியோவின் தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் பாட்டு படித்துக்கொண்டிருந்த மாணவர். மேற்கத்திய செவ்விசைப் பாடகர், பாரிடோன் குரல். டேப் ரெக்கார்டரைப் பார்த்ததும் அவருக்கு ஆசை. ஆனால் கேட்டுப் பார்த்ததும் கோபம். சுருதி ஆடுகிறது! மெஷினில் டேப் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்றால், நீட்டிப் பாடும் ஸ்வரம் நடுங்குவது போலக் கேட்கும். ஆங்கிலத்தில் இதற்கு வவ், ஃப்ளட்டர் என்று பெயர். பேசும்போது நம் குரல் எப்படியும் ஏறி இறங்கும், அதனால் தெரியாது. பாட்டில் உடனே தெரிந்துவிடும். அவர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் சாரம் இதுதான்: நடனக் கலைஞர் ஒருவர் கண்ணாடி முன்னால் ஆடிப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார். பாடகனுக்கும் அப்படி ஒரு கண்ணாடி வேண்டும், காதால் பார்க்கிற கண்ணாடி. உங்கள் மெஷின் அந்த வேலைக்கு ஆகாது.

நீதிமன்றத்துக்கு வேண்டியது சாட்சிப் பதிவு. ஓகாவுக்கு வேண்டியது கண்ணாடி. கோணலான கண்ணாடியைப் பார்த்து யாராவது பொட்டு வைத்துக்கொள்ள முடியுமா? மொரிட்டாவும் இபுகாவும் அவர் மேல் கோபப்படவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே சம்பளம் கொடுத்து, குறை சொல்வதற்கென்றே வைத்துக்கொண்டார்கள். (இந்த வேலை எங்கே கிடைக்கும் என்று நிறைய பேர் கேட்பீர்கள், தெரியும்.) 1959-ல் முழுநேரமாகச் சேர்ந்தார். டேப் காகிதத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியது, மெஷின்கள் சீராக ஓட ஆரம்பித்தன. 1982-ல் சோனி முதல் சிடி பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது கம்பெனியின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் அதே ஓகாதான். காந்தமும் இல்லை, உரசலும் இல்லை, சுருதி ஆடவும் வழியில்லை.

காகித டேப் நல்ல டேப் இல்லை. ஆனால் அதன் குறை காதில் விழுகிற அளவுக்கு வெளிப்படையாக இருந்தது, அதைக் கேட்டுக் கோபப்பட ஒரு பாடகர் இருந்தார்.

இனி இரண்டாவது காகிதம். இது எனக்கு இன்னும் நெருக்கமானது, ஏன் என்று கடைசியில் சொல்றேன்.

இசைத் தயாரிப்பு பற்றிய எந்த டாக்குமெண்டரியையும் எடுத்துப் பாருங்கள். பெரிய மிக்ஸிங் மேஜை, அதன் மேல் இரண்டு கறுப்புப் பெட்டி, ஒவ்வொன்றிலும் வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம். 1980-கள், 90-களில் எடுத்த ஸ்டுடியோ போட்டோக்களில் அது இல்லாமல் இருப்பது அபூர்வம். அதுதான் யமஹா என்எஸ்-10. என்எஸ் என்றால் 'நேச்சுரல் சவுண்ட்'. அந்த வெள்ளை வட்டம் காகிதம்.

1978-ல் அகிரா நகாமுரா என்ற யமஹா இன்ஜினியர் வடிவமைத்தது. ஸ்டுடியோவுக்காக அல்ல, வீட்டு அலமாரியில் வைத்துப் பாட்டுக் கேட்க. வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. பேஸ் போதாது, மேல் ஸ்தாயி காதைக் குத்துகிறது, குரல் மூஞ்சிக்கு நேரே வந்து கத்துகிறது என்று புகார். அளந்து பார்த்தாலும் புகார் சரிதான். 1,000-லிருந்து 2,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில், அதாவது குரல் தெளிவாகக் கேட்பதற்கு முக்கியமான இடத்தில், ஒரு மேடு. கீழே பேஸ் சீக்கிரமே சரிந்துவிடும்.

வீட்டில் தோற்ற அந்தப் பெட்டியை ஸ்டுடியோ ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். முதலில் எடுத்தது யார் என்பதில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. அதிகம் அடிபடும் பெயர் அமெரிக்க மிக்ஸிங் இன்ஜினியர் பாப் கிளியர்மவுண்டன். அப்போது இன்ஜினியர்கள் ஒரே ஸ்டுடியோவில் வேலை பார்க்காமல் ஊர் ஊராகப் போக ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் ஒவ்வொரு பெரிய ஸ்பீக்கர், ஒவ்வொரு அறை, ஒவ்வொரு எதிரொலி. எங்கே போனாலும் ஒரே மாதிரிக் கேட்கிற ஒன்று அவர்களுக்கு வேண்டும். சின்னதாக இருந்தால் மேஜை மேலேயே, முகத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம், அறையின் எதிரொலி குறுக்கே வராது. "இதில் நன்றாகக் கேட்கும்படி மிக்ஸ் செய்துவிட்டால், எதில் போட்டாலும் நன்றாகக் கேட்கும்" என்பது அவர்களிடையே வழக்கமான பேச்சாகிவிட்டது.

அது வெறும் நம்பிக்கையா? இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் நியூவெலும் கீத் ஹாலண்டும் இதைச் சோதித்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஸ்டுடியோ ஸ்பீக்கர்களை அளந்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். அதில் என்எஸ்-10 தனித்துத் தெரிந்தது ஒரு விஷயத்தில்: நேரம். ஒலி வர வேண்டிய நொடியில் வருகிறது. அதைவிட முக்கியம், நிற்க வேண்டிய நொடியில் நின்றுவிடுகிறது. மற்ற பல பெட்டிகளில் சிக்னல் நின்ற பிறகும் பேஸ் கொஞ்ச நேரம் 'ம்ம்ம்' என்று இழுக்கும். இதில் அந்த இழுவை மிகக் குறைவு.

ஒரு காரணம் பெட்டியில் ஓட்டை இல்லாதது. பேஸைக் கூட்டிக் காட்டுவதற்காகப் பல ஸ்பீக்கர்களில் ஒரு துளை வைப்பார்கள். அது பேஸைக் கூட்டும், கூடவே இழுவையையும் கூட்டும். இது முழுக்க மூடின பெட்டி. இன்னொரு காரணம் நம்ம காகிதம்.

ஒரு எவர்சில்வர் டம்ளரை விரலால் சுண்டிப் பாருங்கள். 'டிங்' என்று கொஞ்ச நேரம் பாடும். அதே மாதிரி ஒரு கெட்டி அட்டையைச் சுண்டினால் 'டப்', முடிந்தது. ஸ்பீக்கர் கூம்புக்கு மூன்று குணம் வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும், சீக்கிரம் அசைய. விறைப்பாக இருக்க வேண்டும், அசையும்போது மடங்காமலிருக்க. சொந்தமாகப் பாடக் கூடாது. உலோகம் முதல் இரண்டிலும் தேறும், மூன்றாவதில் அசடு வழியும். காகிதத்தில் நாரும் நாரும் உரசி அதிர்வை உள்ளேயே தின்றுவிடும், அதனால் மூன்றிலும் ஓரளவு தேறிவிடும். இன்று வரைக்கும் உலகில் ஏராளமான ஸ்பீக்கர் கூம்புகள் காகிதக் கூழில் செய்யப்படுவதற்கு இதுதான் காரணம். (இதே தேடலில் ஜேவிசி கம்பெனி 2003-ல் மரத்தகட்டிலேயே கூம்பு செய்தது. மரம் உடையாமல் வளைய, அதைச் சாக்கே மதுவில் ஊறவைத்தார்கள். சத்தியமா நான் கதை விடல.)

என்எஸ்-10-ன் கூம்பில் ஒரு வித்தியாசம். வழக்கமாகக் காகிதக் கூழைக் கூம்பு வடிவ வலையில் ஊற்றி அப்படியே வார்த்தெடுப்பார்கள். இதில் தட்டையான காகிதத் தாளை வெட்டி, சுருட்டி, ஓரத்தை ஒட்டியிருக்கிறார்கள். நம்ம ஊர்ல கடலை மடிச்சுக் கொடுக்கிற பொட்டலம் மாதிரி. பதினெட்டு செ.மீ. அகலத்தில் ஒரு பொட்டலம். உலகத்தின் எத்தனையோ ஹிட் பாட்டுகளில் குரல் எவ்வளவு, டிரம்ஸ் எவ்வளவு என்று முடிவு செய்தது அதன் முன்னால் உட்கார்ந்துதான்.

கதை இத்தோடு முடியவில்லை, இன்னொரு காகிதமும் உள்ளே வந்தது. மேல் ஸ்தாயி காதைக் குத்துகிறது என்று சொன்னேன் இல்லையா? அதற்கு இன்ஜினியர்கள் செய்த வைத்தியம், மேலே இருக்கிற சின்ன ட்வீட்டரின் முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரை ஒட்டித் தொங்கவிடுவது. லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டின ஸ்டுடியோவில் மூக்கு துடைக்கிற பேப்பர்! எந்த பிராண்ட், ஒரு தாளா ரெண்டு தாளா என்று சண்டையே நடந்தது. பாப் ஹோடாஸ் என்ற இன்ஜினியர் 1980-களில் இதை உட்கார்ந்து அளந்தே பார்த்துவிட்டார். டிஷ்யூ மேல் ஸ்தாயியைக் குறைப்பது நிஜம். ஆனால் சீராகக் குறைப்பதில்லை. ஒலியின் ஒரு பகுதி பேப்பரில் பட்டுத் திரும்பி ட்வீட்டருக்கே போய் மோதி, மறுபடி வரும்போது நேராக வரும் ஒலியோடு கலந்து, சில இடத்தில் கூட்டியும் சில இடத்தில் குறைத்தும் விடுகிறது. பேப்பருக்குப் பேப்பர் பலனும் மாறுகிறது.

ஜப்பானிய வீட்டின் காகிதக் கதவுக்குப் பின்னால் நடப்பதும் கிட்டத்தட்ட இதே இயற்பியல்தான். லேசான காகிதம், மெதுவாக அதிரும் தாழ்ந்த ஒலியோடு சேர்ந்து தானும் அசைந்து அதைக் கடத்திவிடும். வேகமாக அதிரும் உயர்ந்த ஒலிக்கு அந்தக் காகிதத்தின் எடையே தடை. பக்கத்து அறையில் பேசுவது கேட்கும், கூர்மை மட்டும் போய்விடும்.

சரி, இது ஏன் எனக்கு நெருக்கம் என்று சொல்கிறேன் என்றேனே. இந்த நிகழ்ச்சி ஆரம்பித்த புதிதில், என் குரல் பதிவை ஒரு சின்ன ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனேன். என் ஹெட்போனில் அது அருமையாக இருந்தது. ஆழமான குரல், எஃப்எம் ரேடியோ மாதிரி. அங்கே பழைய என்எஸ்-10 ஜோடி ஒன்று இருந்தது. அதில் போட்டார் அங்கிருந்தவர். முப்பது நொடி. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி எழுத்தையும் நான் விழுங்குகிறேன். 'வருகிறது' என்பதில் 'து' வரவே இல்லை. மூச்சு வாங்குவது வாக்கியத்துக்கு வாக்கியம் கேட்கிறது. பின்னால் மின்விசிறி ஓடுகிறது. என் ஹெட்போன் அதையெல்லாம் பேஸ் போட்டு மூடி வைத்திருந்தது. "ஸ்பீக்கர் சரியில்ல போலிருக்கு" என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

ஓகா கேட்ட கண்ணாடி இதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இந்த எபிசோடுக்குப் படிக்கும்போதுதான் உறைத்தது. அதனால்தான் 'வெதுவெதுப்பான காகித ஒலி' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இப்போதெல்லாம் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. என்எஸ்-10-ல் வெதுவெதுப்பு கிடையாது. இனிமையான ஸ்பீக்கர்கள் எத்தனையோ இருந்தும் ஸ்டுடியோக்கள் இதை வைத்துக்கொண்டதே அந்தக் காரணத்துக்காகத்தான்.

2001-ல் யமஹா இதை நிறுத்தியது. விற்பனை விழுந்து அல்ல. கூம்புக்கு வேண்டிய அந்தக் குறிப்பிட்ட மரக்கூழ் இனி கிடைக்காது என்று காரணம் சொன்னார்கள். வேறு காகிதத்தில் செய்து அதே பெயரை ஒட்டி விற்கவில்லை. 2008-ல் இந்த ஸ்பீக்கருக்காக யமஹாவுக்கு டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது. அப்போது பெட்டி நின்று ஏழு வருடம் ஆகியிருந்தது. இன்றும் பல ஸ்டுடியோக்களில் பழைய ஜோடிகள் ஓடுகின்றன. அந்த வெள்ளைக் காகிதம் வயதாகிப் பழுப்பேறி, டீ கறை பட்ட மாதிரி ஆகியிருக்கும்.

இப்போது நேயரின் கேள்விக்கு வருவோம். ஜப்பான் பதிப்பு வாங்கலாமா? அந்தப் பதிப்புகளுக்கு நல்ல பெயர் இருப்பது நியாயம்தான். வினைல் சுத்தமாக இருக்கும், அச்சு கவனமாக இருக்கும், பாட்டுக்கு நடுவே படபட சத்தம் குறைவு. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அமெரிக்க ஆல்பங்களின் ஜப்பான் பதிப்புகள் பலவும் மூல டேப்பிலிருந்து வெட்டப்பட்டவை அல்ல. மூல டேப் அமெரிக்காவிலேயே இருக்கும், ஜப்பானுக்கு அதன் நகல் போகும். டேப்பிலிருந்து டேப்புக்கு ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் 'ஸ்ஸ்' இரைச்சல் கொஞ்சம் ஏறும், கூர்மை கொஞ்சம் இறங்கும். தட்டு அமைதியாக இருக்கலாம், உள்ளே இருக்கும் பாட்டு ஒரு படி தள்ளி நிற்கலாம். அதனால் கேட்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால், எந்த டேப்பிலிருந்து வெட்டினது என்று விசாரியுங்கள். முடிந்தால் இரண்டையும் போட்டுக் கேளுங்கள். ஓபி பிடித்திருக்கிறது என்றால், ஓபிக்காகவே வாங்குங்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் அது வேற பட்ஜெட்.

கடைசியாக ஒரு வீட்டுவேலை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை போனில் போடுங்கள், ஹெட்போன் வேண்டாம். ஸ்பீக்கர் துளைக்கு முன்னால் ஒரு டிஷ்யூவைப் பிடியுங்கள், ஒட்டாமல், ஒரு விரல் தள்ளி. பிறகு எடுங்கள். மறுபடி வையுங்கள். பாட்டில் எந்த வாத்தியம் முதலில் மறைந்தது என்று எழுதி அனுப்புங்க. வர்ற பதில்களை அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.